எந்தச் சுண்டெலி என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள், வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது. ஊசி அக்கா போன மாதம் பேசினார். அதே குரல், அதே அதட்டல். உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அவள் இப்போதாவது குழாய்க்கெல்லாம் தேதி எழுதி ஒட்டுகிறாளா?" என்றார். நீயே அவருக்குப் பதில் சொல்லிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணையப் புற்றுக்கு மருந்தைச் சுமந்து போகும் உங்கள் லிப்பிட் நானோ துகளை எந்தச் சுண்டெலி மாடலில் சோதிப்பது என்று கேட்டிருந்தாய். "தோலுக்கடியில் மியா பாகா-2 கணையப் புற்றுச் செல்லைப் போட்டால் போதும் என்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒரே வரி. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் போடு என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் துகளை உனக்குத் தெரியும். இரண்டு வருடம் அதைத் தோலுக்கடியில் வளர்த்த கட்டிகளில்தான் சோதித்தோம். விலாப் பக்கம் பட்டாணி அளவுக்குக் கட்டி எழும்பும். காலிப்பர் வைத்து அளப்போம். நாலு ஊசி போட்டால் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். போன மாதம் எங்கள் ஆய்வகப் பெரியவர் பிடிவாதமாகச் சொன்னதால், கணையப் புற்று தானாகவே வரும்படி மரபணு மாற்றிய கேபிசி சுண்டெலியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களைக் கணையத்தின் வால் பகுதிக்குள்ளேயே செலுத்தி வளர்த்தோம். அதே துகள், அதே டோஸ். 24 மணி நேரம் கழித்து ஸ்லைடு போட்டுப் பார்த்தேன்.

பழைய ஸ்லைடில் துகளின் சிவப்பு எங்கும் தூவினாற்போல இருக்கும். இதில் கட்டியின் ஓரத்தில் மெல்லிய கோடாக நின்றுவிட்டது. உள்ளே போகப் போக நீல நிற உட்கருக்கள் மட்டும்தான். குழாய்ச் சுவரில் ஒட்டும் லெக்டின் சாயம் போட்டிருந்தோம், அதனால் இரத்தம் ஓடுகிற குழாய்கள் பச்சையாகத் தெரியும். அந்தப் பரப்பு முழுக்கத் தேடியதில் நடுவில் ஒரே ஒரு பச்சைக் குழாய். அதைச் சுற்றி இரண்டு மூன்று செல் தூரத்துக்குச் சிவப்பு, அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. அந்த இடம் முழுக்கக் கொலாஜன் நார். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

மருந்து செல்லைக் கொல்லுமா என்பது ஒரு கேள்வி. மருந்து அந்தச் செல்வரை போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. தோலுக்கடியில் வளர்த்த கட்டி முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாங்கள் இரண்டாவதைக் கேட்டுவிட்டு, முதலாவதன் பதிலை வாங்கி இரண்டு வருடம் வைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். 25 கிராம் சுண்டெலியில் ஒரு கிராம் கட்டி வளர்க்கிறோம். உடல் எடையில் நூற்றுக்கு நாலு பங்கு. 70 கிலோ மனிதருக்கு அது 2.8 கிலோ கட்டி! அதுவும் மூன்று நாலு வாரத்தில் வளர்ந்தது. அவ்வளவு அவசரத்தில் வளரும் கட்டிக்கு ஓட்டைக் குழாய்கள்தான் அமையும். துகள் கசிந்து உள்ளே போய்விடும். 1986-இல் மட்சுமுராவும் மாயேதாவும் எழுதிய கசிவு விளைவை நம்பித்தானே நாம் எல்லோரும் இந்தத் துறைக்கே வந்தோம். அப்படிக் கசிகிற கட்டிகளையும் சேர்த்துத்தான், பத்து வருடத்து ஆய்வுகளை 2016-இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. செலுத்திய நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பில், 0.7 சதவீதம்தான்.

கேபிசி கதையை நீ மேலோட்டமாகத்தான் படித்திருப்பாய், கொஞ்சம் பொறுத்துக் கேள். கேராஸ், பி53 என்ற இரண்டு மரபணுக்களிலும் கணையத்தில் மட்டும் மாற்றம் வரும்படி 2005-இல் உருவாக்கிய சுண்டெலி அது. கட்டி அதற்குத் தானாகவே, அதன் இடத்திலேயே, நாரோடு சேர்ந்து வளரும். 2009-இல் இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வேறு சுண்டெலிக்கு மாற்றி வைத்து வளர்த்த கட்டிகள் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்துக்குச் சுருங்கின. கேபிசி கட்டிகள் பெரும்பாலும் அசையவில்லை. காரணம், உள்ளே இரத்தக்குழாய் குறைவு. இருப்பதிலும் ஓட்டம் குறைவு. மனிதக் கட்டியும் அப்படித்தான். ஜெம்சிடபின் மனிதரிடம் ஏன் இவ்வளவு குறைவாக வேலை செய்கிறது என்பதை நேர்மையாகக் காட்டிய முதல் சுண்டெலி இதுதான் என்பேன்.

அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதே ஆய்வில் ஜெம்சிடபினோடு ஐபிஐ-926 என்ற இன்னொரு மருந்தையும் கொடுத்து நாரைக் குறைத்தார்கள். குழாய்கள் கூடின, மருந்து அதிகம் உள்ளே போனது, சுண்டெலிகளின் இடைநிலை ஆயுள் 11 நாளிலிருந்து 25 நாளானது. மனிதரிடம் கொண்டுபோனபோது, ஜெம்சிடபினோடு இந்த மருந்தையும் வாங்கியவர்களைவிட வாங்காதவர்கள் அதிக நாள் இருந்தார்கள். 2012 தொடக்கத்தில் சோதனையை நிறுத்தினார்கள். 2014-இல் வந்த இரண்டு ஆய்வுகள், நாரை உருவாக்கும் செல்களை அகற்றினால் கட்டி இன்னும் மூர்க்கமாகிறது என்று காட்டின. அந்த நார் மருந்தை மட்டும் தடுக்கவில்லை, புற்றையும் கட்டிப்போட்டிருந்திருக்கிறது.

கட்டிக்குள் செல்களுக்கு நடுவே நிறைந்திருக்கும் ஹயலூரோனன் என்ற கூழ்ப்பொருளைக் கரைக்கும் என்சைமும் இப்படியேதான். கேபிசியில் குழாய்கள் திறந்தன. 2019-இல் மனிதரிடம் செய்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வந்தபோது, இடைநிலை ஆயுள் என்சைம் வாங்கியவர்களுக்கு 11.2 மாதம், வாங்காதவர்களுக்கு 11.5 மாதம். அதனால் கேபிசியைக்கூட எல்லாவற்றுக்கும் சாட்சியாக நிறுத்தாதே. மருந்து உள்ளே போகிறதா என்று கேட்டால் அது சொல்லும். போனதால் நோயாளி பிழைப்பாரா என்று கேட்டால் அதன் சொல் போதாது.

உன் சித்தப்பாவின் கடைசி ஸ்கேனை நீயும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். மருந்து வேலை செய்யவில்லை என்றார்கள். அது கட்டிக்குள் போனதா என்று அன்றைக்கு நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஸ்லைடைப் பார்த்த இரவு அவர் முகம்தான் நினைவில் இருந்தது.

சரி, உன் வேலைக்கு வருவோம். தட்டில் செல்களை வைத்தும் நோயாளியின் கட்டிச் செல்லிலிருந்து வளர்த்த குட்டிக் கட்டிகளான ஆர்கனாய்டுகளை வைத்தும் மருந்து கொல்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. இந்த வேலைக்கு ஆர்கனாய்டு நல்லது. ஆனால் அதில் இரத்தக்குழாய் கிடையாது, ஆகவே அதை வைத்து "ஊடுருவல்" என்று தலைப்புப் போடாதே, போட்டால் கிழித்துவிடுவேன். நோயாளியின் கட்டியை நேராகச் சுண்டெலிக்கு மாற்றும் முறையை உங்கள் ஆட்கள் பெரிதாகப் பேசுவார்கள். மரபணு அளவில் அது மனிதக் கட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில தலைமுறை மாற்றியதும் மனித நார் போய்ச் சுண்டெலி நார் வந்துவிடும். நோய் எதிர்ப்பு முடங்கிய சுண்டெலி என்பதால் அந்தப் பக்கக் கேள்வி எதையும் கேட்க முடியாது.

தோலுக்கடியில் போடுவதை அடியோடு விடச் சொல்லவில்லை. டோஸ், நச்சுத்தன்மை, இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, இதற்கெல்லாம் அது போதும். துகளின் அளவு பற்றிய கேள்விக்கும் உதவும், செல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். 2011-இல் 30 முதல் 100 நானோமீட்டர் வரையான மைசெல்களை, அதாவது மருந்தைச் சுமக்கும் பாலிமர் உருண்டைகளை, சோதித்தார்கள். கசியும் சி26 குடல் கட்டிக்குள் எல்லா அளவும் போயின. நாருள்ள பிஎக்ஸ்பிசி-3 கணையக் கட்டிக்குள் 30 மட்டும்தான் போனது. மியா பாகா-2 வேண்டாம் என்பது இதனால்தான், அதில் நார் குறைவு. ஆனால் ஒன்று, பிஎக்ஸ்பிசி-3-இல் கேராஸ் மாற்றம் கிடையாது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது உண்டு. பான்02 என்ற சுண்டெலிச் செல்லைக் கொடுத்தாலும் வாங்காதே, அதிலும் இல்லை.

முக்கியமான சோதனைக்கு, எதிர்ப்பு சக்தி உள்ள சுண்டெலியின் கணையத்திலேயே கேபிசி செல்லை வைத்து வளர்த்துக்கொள். இடது விலாவில் சின்னக் கீறல் போட்டு மண்ணீரலை மெதுவாக வெளியே எடுத்தால் கணையம் கூடவே வரும். ஊசியை மெல்ல அழுத்து. சின்னக் கொப்புளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கசிந்துவிட்டது என்று அர்த்தம், வயிறெல்லாம் பரவும், அந்தச் சுண்டெலியைக் கணக்கில் சேர்க்காதே. செல்லைப் பிடித்துவைக்கும் மேட்ரிஜெல் கூழில் கலந்து போட்டு, ஊசியை எடுப்பதற்கு முன் சில நொடி அப்படியே பிடி. இதிலும் நார் உண்மையான கேபிசி அளவுக்கு வராது. ஆகவே கடைசியில் கொஞ்சமாவது கேபிசியில் சரிபார். இனப்பெருக்கத்தில் எட்டுக் குட்டிக்கு ஒன்றுதான் தேறும், கட்டி எப்போது வருமென்றும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் வாரா வாரம் பார்க்க வேண்டும். செலவையும் காலத்தையும் இப்போதே திட்டத்தில் எழுதிவிடு.

இன்னொன்று, நாங்கள் பட்டு அறிந்தது. கட்டியை அரைத்து மொத்த மருந்தை அளந்தால், குழாயில் தேங்கிய இரத்தத்தில் உள்ளதும் துகளுக்குள் இன்னும் அடைபட்டிருப்பதும் சேர்ந்து வரும். எண் பெரிதாகத் தெரியும், மனம் மகிழும். இரத்தத்தைக் கழுவிவிட்டு, வெளிவந்த மருந்தைத் தனியாக அளந்து, பக்கத்தில் ஸ்லைடும் வை.

நாளை மறுநாள் மறுபடி ஆறு சுண்டெலிக்கு அறுவை. இந்த முறை 30 நானோமீட்டர் துகளோடு. உன் துகளின் அளவையும் மேல்பூச்சையும் எழுதி அனுப்பு, இரண்டையும் ஒரே தொகுப்பில் ஓட்டலாமா என்று பார்க்கிறேன். அந்த ஸ்லைடின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி அந்த ஒற்றைப் பச்சைக் குழாய் தெரியும், பார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி