செயலாளரின் ஆண்டறிக்கை: பெட்பான் கழுவும் இயந்திரங்கள்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகசபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். எமது நலன்புரிச் சங்கத்தின் நிதியில் பெரும்பகுதி இவ்வாண்டு வைத்தியசாலை விடுதிகளில், படுக்கையிலிருக்கும் நோயாளர் மலசலம் கழிக்கும் பாத்திரமான பெட்பானைக் கழுவும் இயந்திரங்களை மாற்றுவதற்கே செலவானதால், அதையே விரித்துரைக்கிறேன்.

பழைய இயந்திரங்கள் அடிக்கடி நின்றதற்கு முதற்காரணம் தண்ணீர். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, கடினத்தன்மை கூடியது. நீராவிக் கலத்தின் சூடாக்கும் கம்பியில் சுண்ணாம்பு படியப் படியச் சூடேறுவது தாமதமாகும். குறித்த நேரத்துக்குள் வெப்பம் எட்டாவிட்டால் இயந்திரம் பிழை காட்டி நிற்கும். நீர் பீச்சும் துளைகளும் அடைபட்டு, பெட்பான் விளிம்பின் அடியில் மலம் ஒட்டியபடியே வெளிவரும். பிறகு சிற்றூழியர்தான் தொட்டியில் கையால் கழுவ வேண்டும். தெறிக்கும் துளிகள் உடையிலும் குழாய்ப்பிடியிலும் படும்; அங்கிருந்து கைவழியே கட்டிலுக்குக் கட்டில் வயிற்றுப்போக்கு தொற்றும். எந்த ஊழியரையும் அந்த வேலையில் விடக்கூடாது.

ஆகவே புதிய இயந்திரங்களுக்கு முன்பாக, உப்பின் உதவியால் நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் நீர் மென்மையாக்கியைப் பொருத்தினோம். அதில் உப்புத் தீர்ந்தால் கடின நீர் அப்படியே உள்ளே போகும். வாரந்தோறும் உப்பின் அளவையும், சோதனைத் தாளால் நீரின் கடினத்தன்மையையும் பார்க்க வேண்டும்.

இத்தகைய இயந்திரங்களுக்கான சர்வதேச நியமமாகிய ஐ.எஸ்.ஓ. 15883-3 கோரும் குறைந்தபட்சக் கிருமிநீக்க அளவை எட்ட, பெட்பானின் மேற்பரப்பு 80 பாகை செல்சியஸில் 1 நிமிடம் இருக்க வேண்டும். 70 பாகையில் அதே பலனுக்கு 10 நிமிடம் செல்லும். இயந்திரத்தில் வெப்பத்தை அளக்கும் உணரியில் சுண்ணாம்பு படிந்தால் அது தவறான வெப்பத்தைக் காட்டக்கூடும் என்பதால், வெப்பப் பதிவுக் கருவியைப் பெட்பானிலேயே வைத்துச் சரிபார்த்த பின்னரே இயந்திரங்களைப் பொறுப்பேற்றோம். இச்சோதனை ஆண்டுதோறும் தொடர வேண்டும். ஒன்றை மறக்கலாகாது: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகள் (தடித்த உறையுள்ள உறங்குநிலை வடிவங்கள்) இந்த வெப்பத்தில் சாவதில்லை. அக்கிருமி தொற்றிய நோயாளிக்குத் தனிப் பெட்பான் ஒதுக்க வேண்டும். கைகளைச் சவர்க்காரமிட்டே கழுவ வேண்டும், மதுசாரத் திரவம் உதவாது.

கழிவுக்குழாயை அடைப்பவை பஞ்சு, கையுறை, ஈரத்துடைதாள். அவற்றைப் பெட்பானில் போடவேண்டாமென்று விடுதிகளில் அறிவித்தல் ஒட்டியுள்ளோம். கழுவிய பெட்பான்களை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தட்டியில் கவிழ்த்து உலரவிட வேண்டும். வெடித்த பிளாஸ்டிக் பெட்பான்களைக் கழித்துவிட வேண்டும்.

கதவு ரப்பர், சவர்க்காரம் செலுத்தும் பம்பின் குழாய், சூடாக்கும் கம்பி ஆகியவை களஞ்சியத்தில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். மென்மையாக்கிக்கான உப்பை வைத்தியசாலையின் மாதாந்தக் கொள்வனவுப் பட்டியலில் சேர்க்குமாறு நிர்வாகத்தைக் கோரும் தீர்மானத்தைச் சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்