கெப்பலில் வந்து கட்டிய கப்பல்

அன்பு பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, இளைத்துப்போய்விட்டாய் என்கிறாள் உன் அம்மா. என் கண் உனக்குப் பின்னால் தெரிந்த சிங்கப்பூர் கெப்பல் துறைமுகத்துக் கிரேன்கள் மேல்தான் போனது. தூத்துக்குடியில் முப்பத்திரண்டு வருஷம் டாலி கிளார்க்காக மூட்டை எண்ணியவன், வேறு எதைப் பார்ப்பேன்?

1942 ஜனவரி 29 அன்று அங்கே ஓர் அமெரிக்கக் கப்பல் வந்து கரையோடு கட்டி நின்றது. பெயர் வேக்ஃபீல்ட். பிறந்தபோது மான்ஹாட்டன். 1932 முதல் நியூயார்க்குக்கும் ஐரோப்பாவுக்கும் ஓடிய சொகுசுக் கப்பல். அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போனது இதில்தான். 1941 ஜூனில் கடற்படை எடுத்துக்கொண்டு, பெயரை மாற்றி, படை ஏற்றும் கப்பலாக்கிவிட்டது.

அந்த நவம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களோடு ஆறு அமெரிக்கக் கப்பல்கள் கிளம்பின. அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை, பார்த்துக்கொள்! கேப் டவுனை நெருங்கும்போதுதான் பேர்ல் ஹார்பர் அடிபட்டது. மத்தியக் கிழக்குக்கு என்று புறப்பட்ட படையில் பெரும்பகுதி பம்பாய்க்கு வந்து, வேக்ஃபீல்டில் இருந்தவர்கள் அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாளே ஜப்பானியர் குண்டு போட்டார்கள். ஒரு குண்டு கப்பலின் மருத்துவ அறைப் பக்கம் விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். அன்றே 401 பிரிட்டிஷ் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கப்பல் வெளியேறிவிட்டது. செத்தவர்களைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இறங்கிப் பதினேழே நாளில் அந்த வீரர்கள் கைதிகள். சாங்கி கைதி முகாமுக்குப் போனார்கள், அப்புறம் பலர் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்கு. என் தொழிலில் சரக்கு பழுதில்லாமல் இறங்கியதா, கையெழுத்துப் போடு, வேலை முடிந்தது. வேக்ஃபீல்டும் அப்படித்தான் இறக்கிக் கொடுத்தது. இதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிறது.

அந்தக் கப்பலின் ஆயுசு கெட்டி. 1942 செப்டம்பரில் அட்லாண்டிக் நடுவில் தீப்பிடித்தது. ஆட்கள் எல்லாரையும் கூட வந்த போர்க்கப்பல்கள் இறக்கிக் காப்பாற்றின. எரிந்த கூட்டை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்துப் போய், பிறகு பாஸ்டனில் மறுபடி கட்டினார்கள். 1944 ஏப்ரலிலிருந்து 1946 பிப்ரவரி வரை 23 தடவை போய்வந்தது. வேகமான கப்பல் என்பதால் துணைக்கு வேறு கப்பல் இல்லாமல், பெரும்பாலும் பாஸ்டனுக்கும் லிவர்பூலுக்கும் இடையே ஓடியது. போனவர்கள் 1,10,563. திரும்பி வந்தவர்கள் 1,06,674. மொத்தம் 2,17,237. கடைசி ஆள் வரை யாரோ ஒருத்தன் எண்ணி வைத்திருக்கிறான், பாரேன். ஒரு டாலி கிளார்க்காக அவனுக்கு ஒரு கும்பிடு.

என் தாத்தாவின் தம்பி மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? 1943க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அதே சயாம் பாதைக்குத்தான் ஜப்பானியர் தோட்டத் தமிழர்களையும் ஆயிரமாயிரமாக ரயிலேற்றினார்கள். சில பேருக்குப் பெண்டாட்டி பிள்ளைகளும் கூட. ஏறியவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை? ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்கிறார்கள். சரக்கு வண்டிதானே, ஐந்தைந்தாகக் கோடு கிழிக்க ஒருத்தன் நின்றிருக்க மாட்டானா? எனக்கு ஆறவே இல்லை பாப்பா.

லீவு நாளில் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு ஒரு நடை போய் வா. வேக்ஃபீல்ட் இறக்கிவிட்ட படைப்பிரிவின் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், நம் இந்திய வீரர்களின் பெயர்களும் சுவரில் இருக்கின்றன. சின்னத் தாத்தா கூலி ஆள். அவர் பெயரைத் தேடாதே, இருக்காது. சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. வெயில் அதிகம், குடை எடுத்துக்கொள்.

அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான், கொடுத்து விடுகிறோம். இரண்டு பாட்டில். எண்ணி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா