ஜோடியைப் பிரிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் சிறிய கடை ஒன்றில் பூப்பந்தாட்ட மட்டைகளுக்கு நரம்பு கட்டிப் பிழைப்பவன் நான். உங்கள் விளையாட்டுப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறேன். பாடசாலைப் பூப்பந்தாட்ட முடிவுகள் வரும்போது ஒற்றையரில் வென்ற பிள்ளையின் படம், வயது, பயிற்றுநரின் பெயர், இறுதியாட்டத்தின் புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. இரட்டையர் பட்டத்தை எந்தப் பாடசாலை வென்றது என்பது மட்டும் கடைசி வரியில் வருகிறது. வென்ற இரு பிள்ளைகள் யார் என்று தேடினால் கிடைப்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் பெரிய தவறு ஒன்று இருப்பதால், அதையும் சொல்ல இடம் தாருங்கள்.

ஒற்றையரில் தேறாதவர்களைப் போடும் இடம்தான் இரட்டையர் என்ற எண்ணம் கொழும்பில் ஊறிப்போயிருக்கிறது. “அண்ணை, மகளை இரட்டையரில்தான் போட்டிருக்கிறார்கள், மலிவான நரம்பே போதும்” என்று பெற்றோர் என்னிடம் சொல்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

அப்படிச் சொல்பவர்களுக்கு நான் சொல்வது இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியாவானைப் பற்றித்தான். 1984 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிறந்தவர். மார்கிஸ் கிடோவுடன் சேர்ந்து 2007இல் கோலாலம்பூரில் உலக சம்பியன் ஆனார். மறு ஆண்டு பீஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், சீன ஜோடியிடம் முதல் ஆட்டத்தை 12–21 என்று இழந்தபின் அடுத்த இரண்டையும் வென்று இருவரும் தங்கம் எடுத்தார்கள். பிறகு அந்த ஜோடி பிரிந்தது. மொஹமட் அசானுடன் சேர்ந்து 2013இலும் 2015இலும் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். ரியோ ஒலிம்பிக்கில் முதற்சுற்றுப் பிரிவைக்கூடத் தாண்ட முடியவில்லை. அத்துடன் இந்த ஜோடியும் பிரிந்தது. 2017இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங்குடன் ஆடிப் பார்த்தார். 2018இல் அசானிடமே திரும்பினார். அதற்கு அடுத்த ஆண்டு, கெண்டைக்கால் காயத்தோடு ஆடி, ஓல் இங்கிலாந்து என்ற பெரிய பூப்பந்தாட்டப் போட்டியின் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மூன்று ஆட்டம் நீண்ட இறுதிப் போட்டியில் ஜப்பானிய ஜோடியை வென்று நான்காவது முறையாக உலக சம்பியன் ஆனார். அன்று அவருடைய 35ஆவது பிறந்தநாள். 2025 ஜனவரியில், 40 வயதில், அசானுடன் சேர்ந்தே ஜகார்த்தாவில் விடைபெற்றார். பழைய துணையான கிடோ அதற்கு முன்பே இறந்துவிட்டார். 2021 ஜூனில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோதே களத்தில் சரிந்தார், வயது 36.

இந்த மனிதரை ஒற்றையரில் தேறாதவர் என்று யாராவது சொல்வார்களா? அவருடைய தொழிலே வேறு. இரட்டையரில் களம் 6.1 மீற்றர் அகலம், ஒற்றையரைவிட ஏறத்தாழ ஒரு மீற்றர் கூட. ஆனால் சர்வீஸ் விழவேண்டிய பகுதியோ பின்பக்கம் 76 சென்ரிமீற்றர் குறைவு. உயர்த்திப் பின்னால் போடும் சர்வீஸ் இங்கே எடுபடாது, எதிராளி பாய்ந்து அடித்துவிடுவார். வலையை உரசுவதுபோல் தாழ்வாகப் போட வேண்டும். முதல் மூன்று நான்கு அடிகளிலேயே யார் கை ஓங்கும் என்பது தெரிந்துவிடும். ஹென்ட்ரா நின்றது பெரும்பாலும் முன்களத்தில். எதிராளியின் மணிக்கட்டு திரும்பும்போதே பந்து வரப்போகும் இடத்தில் அவருடைய மட்டை காத்திருக்கும். பந்தை மெல்லத் தட்டி எதிராளியை மேலே தூக்கி அடிக்க வைப்பார். பின்னால் நிற்கும் அசான் அதை இறக்கி அடிப்பார். புள்ளி அசானுடையதுபோல் தெரியும். என் கடையில் பழைய ஆட்டங்களின் காணொளியை ஓடவிட்டுப் பிள்ளைகளிடம் ஹென்ட்ராவின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்வேன். பந்து எங்கோ இருக்கும்போது அவர் ஏன் அரை அடி இடப்பக்கம் நகர்ந்தார் என்று கேட்பேன். விடை சொல்லத் தெரிந்த பிள்ளை நல்ல இரட்டையர் ஆட்டக்காரராக வரும் என்பது என் நம்பிக்கை.

நரம்பு கட்டுபவனுக்கு இன்னொன்றும் தெரியும். பின்களத்தில் நின்று ஓங்கி அடிப்பவரின் மட்டையில் நரம்பு அடிக்கடி அறுந்து வரும். வலையருகே நிற்பவரின் மட்டையில் நரம்பு அறுவது குறைவு. இருவருடைய மட்டைகளிலும் சட்டத்தின் தலைப்பகுதியில் கீறலும் வெடிப்பும் இருக்கும். நடுவே வரும் பந்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் பாய்வதால் மட்டையும் மட்டையும் மோதிக்கொண்ட அடையாளம் அது. புதிதாகச் சேர்ந்த ஜோடிகளிடம் இது மிக அதிகம். ஓரிரு பருவம் சேர்ந்தே ஆடியவர்களிடம் குறைந்துவிடும். நடுப்பந்து யாருடையது என்று அவர்களுக்குப் பேசாமலே தெரிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை எந்தப் பயிற்றுநரும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

பணத்தையும் சொல்ல வேண்டும். மொத்தப் பரிசு 10 இலட்சம் டொலர் உள்ள உலகப் போட்டியில் ஒற்றையர் சம்பியனுக்கு 70,000 டொலர். இரட்டையர் சம்பியன்களுக்கு 74,000, அதுவும் இருவருக்கும் சேர்த்து. பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 37,000. விமானச் செலவோ ஒவ்வொருவருக்கும் முழுதாகவே ஆகிறது. உலகத் தரவரிசைப் புள்ளிகளும் ஜோடியின் பெயரில்தான் சேர்கின்றன. துணை மாறினால் புதிய ஜோடி கீழிருந்து ஏற வேண்டும். துணை காயமடைந்தால், நன்றாக இருப்பவரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்து ஒருவர் இந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அவருக்கு ஒற்றையர் ஆட்டக்காரருக்குக் குறையாத மரியாதை வேண்டும்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2018இல் கோல்ட் கோஸ்டில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் சச்சின் டயஸ், புவனேக குணதிலக்க ஜோடி அரையிறுதி வரை போனது. இதை எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்? அங்கே அவர்களை வென்றது இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி, சிராக் ஷெட்டி ஜோடி. ஒருவர் ஆந்திரத்தின் அமலாபுரம், மற்றவர் மும்பை. மலேசியப் பயிற்றுநர் டான் கிம் ஹெர் சேர்த்துவைத்தபோது இருவருமே பின்னால் நின்று அடிப்பவர்கள், முன்னால் போக யாருக்கும் மனமில்லை. ஆனாலும் அவர்களைப் பிரிக்கவில்லை. 2023 ஒக்டோபரில் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்று, அதே மாதம் உலகின் முதலாவது ஜோடியானார்கள்.

இங்கே நடப்பதைப் பாருங்கள். என் கடைக்கு வரும் இரண்டு பெண் பிள்ளைகள் 13 வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்தே ஒரு கழகத்துக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். ஒருத்தி தமிழ்ப் பிள்ளை, மற்றவள் சிங்களப் பிள்ளை. களத்துக்கு வெளியே பேசிக்கொள்வது அரைகுறைதான். களத்துக்குள் ஒருத்தி பின்வாங்கும்போதே மற்றவள் முன்னால் போயிருப்பாள். போட்டிக்கு முந்தைய வாரம் அவர்களைப் பிரித்துவிட்டார்கள். ஒற்றையரில் முதற்சுற்றிலேயே தோற்ற வேறொரு பிள்ளைக்கு ஓர் இடம் தேவைப்பட்டதாம். புதிய ஜோடி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. வெளியே விடப்பட்ட பிள்ளை உயர்தரப் பரீட்சையைக் காரணம் சொல்லி ஆட்டத்தையே நிறுத்திவிட்டாள். பரீட்சைக்கு அப்போது ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. கழகத்தில் கேட்டதற்கு, இரட்டையர்தானே, யாரோடு ஆடினால் என்ன என்றார்கள்.

பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் நான் கேட்பது இதுதான். 13, 15 வயதிலேயே ஜோடியைத் தெரிவு செய்யுங்கள். குறைந்தது இரண்டு பருவமாவது சேர்த்து வைத்திருங்கள். இந்தோனேசியாவின் தேசிய பயிற்சி நிலையத்தில் ஆண்கள் இரட்டையருக்கென்றே தனிப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு மாலையை இரட்டையருக்கு மட்டும் ஒதுக்குவதற்குப் பணம் தேவையில்லை. ஒற்றையரில் தோற்ற பிள்ளைக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பிள்ளைக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு துணையைத் தேடிக்கொடுங்கள்.

உங்களிடம் கேட்பது, ஆசிரியர் அவர்களே, இன்னும் எளிது. அடுத்த முறை இரட்டையர் இறுதியாட்டத்தின் புள்ளிகளையும் வென்ற இருவர், தோற்ற இருவர் என நால்வரின் பெயர்களையும் வெளியிடுங்கள். படம் போட்டால் இருவரும் அதில் இருக்கட்டும். பெயர்களைப் பெறுவதில் சிரமம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பெரிய போட்டிகளின்போது நரம்பு கட்டும் இயந்திரத்துடன் அரங்கின் வாசலில்தான் இருப்பேன், அன்று மாலையே எழுதி உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
மட்டைகளுக்கு நரம்பு கட்டும் ஒரு வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.