மாமாவுக்கு ஒரு கடிதம்: ரைபிள் தோட்டா போடும் பிஸ்டல் பற்றி

ஆஸ்டின், டெக்சாஸ்
8-2-2026

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல்.

கிரீன் கார்டு வந்தபின் துப்பாக்கி வாங்க உரிமை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் உரிமத்துக்குக் காத்திருப்பதுபோல் இங்கே காத்திருக்க வேண்டியதில்லை. கடையில் படிவம் நிரப்பி, குற்றப் பின்னணியைச் சரிபார்த்ததும் பெரும்பாலும் அன்றே கொடுத்துவிடுகிறார்கள். உடன் வேலை பார்க்கும் நண்பர், வீட்டுப் பாதுகாப்புக்கு 'ஏ.ஆர். பிஸ்டல்' (ஏ.ஆர்.-15 ரைபிளின் குறுங்குழல் வடிவம்) வாங்கச் சொல்கிறார். தாங்கள் ஆயுதப்படையில் .303 ரைபிள் பிடித்தவர் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர்தான் பிஸ்டல்; உள்ளே போவது 5.56 மி.மீ. ரைபிள் தோட்டா. தோளில் வைத்துச் சுடும் ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை மத்திய அரசிடம் பதிய வேண்டும். 200 டாலர் வரியும் கட்ட வேண்டியிருந்தது. தோள்கட்டை இல்லையென்றால் அது பிஸ்டல் கணக்கில் சேரும் என்பதால், கட்டையை நீக்கி, முன்கையில் பட்டியால் இறுக்கும் 'பிரேஸ்' பொருத்தி விற்றார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை ரைபிளாகவே கருதும் விதியை அரசு 2023இல் கொண்டுவந்தது. மறு ஆண்டே டெக்சாஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நண்பர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நீளம் குறைவு என்பதால் குறுகிய நடைவழியில் திருப்புவது எளிது, சாதாரண முதுகுப்பையில் அடங்கும், குறுங்குழல் ரைபிளைப்போல் மாநில எல்லை தாண்ட முன்அனுமதி தேவையில்லை.

ஆனால் சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் அதைச் சுட்டபோது, காதடைப்பானுக்கு மேல் காதுமூடியும் போட்டிருந்த எனக்கு நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. குழல் முனையில் பந்துபோல் தீ எழுந்தது. இந்தத் தோட்டா 20 அங்குலக் குழலுக்கென்று உருவானது. அதில் நொடிக்கு 3,000 அடிக்கு மேல் பாயும் ரவை, ஏழரை அங்குலக் குழலில் ஏறத்தாழ 2,500 அடிக்கு இறங்கிவிடுகிறது. எரியாத வெடிமருந்து வெளியே வந்து தீயாகவும் சத்தமாகவும் போகிறது. எடை குறைந்த அந்த ரவையின் பலமே வேகந்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. குறுங்குழலுக்கென்றே வந்த .300 பிளாக்அவுட் தோட்டாவில் மருந்து 9 அங்குலத்துக்குள் எரிந்துவிடும் என்கிறார்கள். அதன் விலையோ பழகிப் பழகிச் சுடுவதற்குக் கட்டுப்படியாகாது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது வீடுதான். இங்கே உட்சுவர் செங்கல் அல்ல. மரச்சட்டத்தில் இருபுறமும் ஜிப்சம் பலகை அடித்தது. எந்த ரவையும் அதைத் துளைக்கும். நடைவழியின் மறுபுறம் குழந்தை தூங்குகிறாள். இரவில், காதுமூடி இல்லாமல், பூட்டிய அறைக்குள் அதைச் சுட்டால் சுட்டவர் காதே பழுதாகும்.

மேலும் இவ்வாண்டு ஜனவரி முதல் அந்த 200 டாலர் வரியும் பூஜ்ஜியமாகிவிட்டது. பதிவும் கைரேகையும் மட்டுமே மிச்சம். அதற்குப் பொறுமை உள்ளவர், தோள்கட்டையோடு ஒழுங்கான குறுங்குழல் ரைபிளையே வைத்துக்கொள்ளலாமே. சுடுதளத்தில் பொழுதுபோக்காகச் சுடுபவருக்கு இந்தப் பிஸ்டல் பொருந்தும். எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று நானும் மனைவியும் தீர்மானித்துவிட்டோம். கதவுக்கு உறுதியான தாழ்ப்பாளும் அபாயமணியும் போட ஆள் சொல்லியிருக்கிறேன். தங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்
குமரன்