மூல விளையாட்டை வாங்கியவர் எல்லாரும் விரிவாக்கத்தை வாங்கிவிட மாட்டார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம்களுக்கென்று பிற்பாடு வெளியாகி, இணையத்தில் தனியாகக் காசு கொடுத்துப் பதிவிறக்கிக்கொள்ளும் விரிவாக்கங்கள் (பிள்ளைகள் ‘டிஎல்சி’ என்பார்கள்) நிறுவனங்கள் எதிர்பார்த்த அளவுக்கு விற்காமல் போவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருட்டுப் பிரதிகளும், காசு கொடுத்து வாங்கும் பழக்கம் இளைஞர்களிடம் இல்லாததும்தான் காரணம் என்று கட்டுரை முடிகிறது. கீழக்கரையில் 11 ஆண்டுகளாகக் கேம் கடை நடத்தி வருபவன் என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை. என் கடைக்கு வரும் பிள்ளைகள் பெருநாள் காசைச் சேர்த்துவைத்து வாங்குபவர்கள். அவர்கள் மீது பழி போடுவதற்கு முன், அந்த எதிர்பார்ப்பு எந்தக் கணக்கில் பிறந்தது என்று பார்த்திருக்க வேண்டும்.

விரிவாக்கம் தனித்து ஓடும் பொருள் அன்று. மூல விளையாட்டை வைத்திருப்பவருக்கு மட்டுமே அது பயன்படும் என்பதால், அதன் சந்தை தொடங்கும்போதே எல்லை கட்டப்பட்டுவிடுகிறது. அந்த எல்லைக்குள்ளும் எல்லாரும் வாங்குவதில்லை. மிகப் பெரிய வெற்றி என்று உலகமே கொண்டாடிய இரண்டை எடுத்துக்கொள்வோம். ‘எல்டன் ரிங்’ விளையாட்டு 2.5 கோடிப் பிரதிகள் விற்றிருந்த நிலையில், 2024 ஜூன் 21 அன்று வெளியான அதன் விரிவாக்கம் மூன்று நாளில் 50 லட்சம் விற்றது. ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டும் அதே 2.5 கோடியை எட்டியிருந்தது. 2023 செப்டம்பரில் வந்த அதன் விரிவாக்கம் அந்த ஆண்டு முடிவதற்குள் 50 லட்சத்தைத் தொட்டது. வெளியான சூட்டில், இவ்வளவு புகழோடு, ஐந்தில் ஒருவர்தான் வாங்கியிருக்கிறார். நிலைமை இப்படியிருக்க, வாங்கியவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்று ஒரு நிறுவனம் முன்கூட்டியே கணக்கெழுதினால், விற்பனை ‘குறைந்துவிட்டது’ என்று பிறகு அறிவிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. கடலுக்குள் கிடக்கும் மீனுக்கு ஏலம் கேட்பவர் எங்கள் பக்கத்து மீன்பிடி ஊர்களான பாம்பனிலும் மண்டபத்திலும் இல்லை. படகு கரைக்கு வந்து கூடையைக் கவிழ்த்த பிறகே விலை பேசுவார்கள்.

மூல விளையாட்டை வாங்கியவர் அதை எந்த அளவுக்கு ஆடியிருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. ‘எல்டன் ரிங்’ விரிவாக்கத்துக்குள் நுழைய வேண்டுமானால், மூல விளையாட்டில் ராடான், மோக் என்ற இரண்டு கடும் எதிரிகளை வீழ்த்தியிருக்க வேண்டும். விரிவாக்கம் வருவதற்குச் சற்று முன்பு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் இருந்த கணக்கின்படி, மோக்கை வீழ்த்தியவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. பாதியில் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஒரு பக்கம் என்றால், பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ சபுராளியாக (பிழைப்புக்கு வெளிநாடு போகிறவராக) புறப்பட்டுவிடுவது இன்னொரு பக்கம். ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து விரிவாக்கம் வந்து நிற்கும்போது, அதை ஆடவேண்டிய பிள்ளை ஊரிலேயே இருப்பதில்லை.

தாமதம் என்றதும் எனக்கு ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ நினைவுக்கு வருகிறது. 2008 ஏப்ரல் 29 அன்று வெளியாகி முதல் வாரத்திலேயே 60 லட்சம் பிரதிகள் விற்ற விளையாட்டு அது. அதன் இரண்டு விரிவாக்கக் கதைகளைத் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு மட்டும் முதலில் பெறுவதற்காக மைக்ரோசாஃப்ட் 5 கோடி டாலர் கொடுத்தது. முதல் கதை வெளிவந்தது 2009 பிப்ரவரியில். பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்களுக்கு அது கிடைத்ததோ 2010 ஏப்ரலில், மூல விளையாட்டு வெளியாகி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு. எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்த எல்லாராலும்கூட அதை வாங்கியிருக்க முடியாது. அந்தக் கருவியின் விலை குறைந்த வகை ஹார்டு டிஸ்க் இல்லாமலேயே விற்கப்பட்டது. ஒன்றரை ஜிபிக்கும் மேற்பட்ட ஒரு கதையை அதில் எங்கே இறக்கி வைப்பது? இணைய இணைப்பே இல்லாத வீடுகளையும் கழித்துப் பார்த்தால், 60 லட்சம் என்ற எண் எவ்வளவு சுருங்கும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு சிடி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. யார் வாங்கினாலும், ஆடி முடித்ததும் பாதி விலைக்குத் தள்ளுவார்கள், இல்லையென்றால் வேறொரு சிடிக்கு மாற்றிக்கொள்வார்கள். இந்தக் கைமாற்றை நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். அதில் ஒரு கால்பந்து விளையாட்டின் சிடி 14 மாதத்தில் ஒன்பது வீடுகளுக்குப் போய்வந்ததாக இருக்கிறது. சிடி கை மாறும். பதிவிறக்கிய விரிவாக்கமோ வாங்கியவரின் இணையக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே சிடியை நாளை விற்கப்போகிறவர் இன்று விரிவாக்கம் வாங்க மாட்டார். இது ஏழை ஊரின் பழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவிலும் பழைய சிடி வியாபாரம் பெரிய அளவில் நடந்ததால்தான், 2009, 2010 வாக்கில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் புதுப் பிரதியோடு மட்டும் இலவச விரிவாக்கக் குறியீடு கொடுக்கத் தொடங்கியது.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள், சிங்கப்பூரில் இருக்கும் மாமா அனுப்பிய சிடியோடு ஒரு பையன் வந்தான். விரிவாக்கத்துக்கான பணம், நூறும் இருநூறுமாக, எல்லாமே பெருநாள் காசு. என் கார்டில் பணம் கட்டி அவன் கணக்கில் வாங்கிக் கொடுத்தேன். முப்பது ஜிபிக்கு மேல் என்பதால் இரவெல்லாம் இறங்கியது. சுபுஹு (அதிகாலை) தொழுகை முடிந்த கையோடு கடை வாசலில் வந்து நின்றவன், “எறங்கிருச்சு காக்கா, ஆனா உள்ள ஒண்ணுமே வரலையே” என்றான் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்). விளையாட்டைத் திறந்தால் பழைய பட்டியல்தான் வருகிறது; புது ஊருமில்லை, புது ஆளுமில்லை. சிடியின் உறையைத் திருப்பி, முதுகில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நிறுவனங்கள் நாடுகளை வட்டாரங்களாகப் பிரித்து விற்கின்றன. அந்தச் சிடி வேறொரு வட்டாரத்துக்காக அச்சிடப்பட்டது. அவன் கணக்கோ இந்திய வட்டாரத்தைச் சேர்ந்தது. சிடி எந்த நாட்டில் வாங்கிய கருவியிலும் ஓடும் என்பதால் ஒருவருக்கும் ஐயம் எழுவதில்லை. சிடியின் வட்டாரத்துக்குரிய இணையக் கடையில் வாங்கிய விரிவாக்கம் மட்டுமே அதோடு சேரும் என்பது பணம் போன பிறகுதான் தெரிகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவிறக்கம் தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது என்று இணையக் கடையிலிருந்து எழுத்து மூலம் பதில் வந்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு எந்த விரிவாக்கமும் வாங்கவில்லை. அவன் சொல்லக் கேட்ட தெருப் பிள்ளைகளும் வாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து சிடி வந்து சேரும் கீழக்கரை போன்ற ஊரில் இப்படி இழந்த விற்பனையை எந்தத் திருடன் கணக்கில் எழுதுவது?

நம்பிக்கை குறைந்துபோனதற்கு நிறுவனங்களின் பங்கும் உண்டு. 2006-இல் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்குப் போடும் கவசத்துக்கு இரண்டரை டாலர் கேட்டார்கள். 2012-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ சிடிக்குள்ளேயே 12 வீரர்களைப் பூட்டி வைத்துத் தனிக்காசு கேட்டார்கள். நல்ல விரிவாக்கம் வரும்போதும் ‘முழுசாகக் கொடுக்காமல் பிரித்து விற்கிறார்கள்’ என்ற பேச்சு எழுவது இதனால்தான். பொறுத்திருந்தவருக்கே லாபம் என்பதையும் நிறுவனங்களே கற்றுக்கொடுத்திருக்கின்றன. ‘விட்சர் 3’ விளையாட்டின் பெரிய விரிவாக்கம் 2016 மே 31 அன்று வந்தது. எல்லாவற்றையும் சேர்த்த தொகுப்பு அதே ஆண்டு ஆகஸ்டு மாதமே கடைக்கு வந்துவிட்டது. விவரம் தெரிந்த பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

திருட்டுப் பிரதி இல்லவே இல்லை என்று நான் வாதிடவில்லை. இந்தப் பொருள் குறித்துத் தாங்கள் மீண்டும் எழுதும்போது, விற்ற எண்ணிக்கையோடு, மூல விளையாட்டை எத்தனை பேர் முடித்திருந்தார்கள், எத்தனை மாதம் கழித்து, எந்தெந்தக் கருவிக்கு விரிவாக்கம் வந்தது என்பவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிடி எந்த வட்டாரத்துக்கு உரியது என்பதை உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையையும் தங்கள் இதழ் வழியாக நிறுவனங்களின் காதில் போட விரும்புகிறேன். என் கடைச் சுவரில் அதை இப்போது நானே கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.