படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரைப் பௌர்ணமி முடிந்ததும், திருநங்கைகள் கூடுகிற கூவாகம் திருவிழாப் படங்களை முழுப் பக்கத்துக்குப் போடுவது உங்கள் நாளிதழின் வழக்கம். உங்களுடையது மட்டுமில்லை, பெரும்பாலான பத்திரிகைகளுக்கும் அதுதான் வழக்கம். இந்த ஆண்டுப் பக்கத்தைக் கடையில் பிரித்து வைத்து வெகுநேரம் பார்த்தேன். பாதிக்கு மேல் அழுகை. தாலி அறுக்கிற படம், வளையல் உடைக்கிற படம், வெள்ளைச் சேலையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிற படம். அச்சு சுத்தமாக இருந்தது, நிறம் பிசகவில்லை. ஆனாலும் எழுதத் தோன்றியது.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த காலத்தில் தொழில் கற்றவன். ஒரு படத்தைப் பார்த்தால், எடுத்தவர் எங்கே நின்றார் என்பதுதான் எனக்கு முதலில் தெரியும். படத்தில் இருப்பவர் அதற்கு அப்புறம்தான். உங்கள் பக்கத்தில் நடுவில் பெரிதாகப் போட்டிருந்த முகத்தை எடுத்தவர், அந்த அம்மாவுக்கு ஒன்றரை அடி தூரத்தில், கொஞ்சம் குனிந்து நின்றிருக்கிறார்.

அவ்வளவு கிட்டே போய் எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகும். நேராக எடுத்தால் மூக்கு. கீழிருந்து எடுத்தால் தாடை. காது பின்னுக்கு ஓடிவிடும். ஒரு கல்யாணப் பெண்ணை நான் இப்படி எடுத்துக் கொடுத்தால், பெண் வீட்டார் ஆல்பத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஏழெட்டு அடி தள்ளி நின்று 85 எம்.எம். லென்ஸில் எடுத்தால், எதிரில் உட்கார்ந்து பேசும்போது நாம் பார்க்கிற முகம் வரும். அடுத்தது வெளிச்சம். பக்கவாட்டில் ஒற்றை பிளாஷ் அடித்தால் தோலில் உள்ள மேடு பள்ளம் அத்தனையும் நிழல் விடும். சவரம் செய்த இடம் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். கம்ப்யூட்டரில் கிளாரிட்டியைக் கொஞ்சம் ஏற்றினால் அது இன்னும் தூக்கும். திருநங்கைகளின் குளோசப் படங்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்த சமையல்தான். தெரியாமல் செய்கிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டேன். அதே போட்டோகிராபர்கள் நடிகையை எடுக்கும்போது தள்ளித்தானே நிற்கிறார்கள்?

முகத்தை வழுவழுவென்று இழைத்துக் கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வேலையை எங்கள் ஸ்டூடியோக்காரர்கள் தேவைக்கு மேலேயே செய்கிறோம். அரசு அலுவலகத்தில் 'இது நீங்கதானா?' என்று கேட்கிற அளவுக்குச் செய்துவிடுகிறவர்களும் உண்டு. நான் கேட்பது நியாயமான தூரமும் நியாயமான வெளிச்சமும்.

ஆடி மாதம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு உங்கள் ஆளை ஒரு தடவை அனுப்புங்கள். அம்மன் வேஷம் கட்டிய ஆண்கள் அலங்கார வண்டியில் நிற்பார்கள். தெருவில் நின்று நாங்கள் பார்த்துப் பார்த்து எடுப்போம். கிரீடத்துக்குக் கீழே ஆணின் தாடை இருக்கிறது என்று காட்ட எவரும் மெனக்கெடுவதில்லை. அம்மனாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு ராத்திரி வேஷத்துக்குக் கிடைக்கிற அந்த மரியாதை, வேஷமே இல்லாமல் ஆயுசு பூராவும் பெண்ணாக வாழ்கிறவருக்குக் கிடைப்பதில்லை.

இதைப் பேசினால் போட்டோகிராபர் நண்பர்கள் சொல்கிற பதில் ஒன்றுதான்: 'பொது இடம், திருவிழா, அவங்களே போஸ் குடுக்கறாங்க.' சரி, கொடுக்கிறவர்கள் உண்டு. விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் அழகிப் போட்டி மேடையில் நிற்பவர் படம் எடுக்கத்தான் நிற்கிறார். அவரிடம் போய்க் காதோடு அனுமதி கேட்க வேண்டியதில்லை. கூவாகத்தில் கூத்தாண்டவர் (அரவான்) கோயில் பக்கம் கதை வேறு. சேலத்திலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறுகிறவர்களில், வீட்டில் இன்னும் பேன்ட் சட்டையோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். பையில் சேலையை மடித்து எடுத்துப் போவார்கள். ராத்திரி அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் களப்பலியான அரவானுக்காக அழுது, தாலி அறுத்துக் குளித்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி பேன்ட் சட்டை. சொந்தக்காரர் யாரும் இல்லாத இடம் என்பதால்தான் அங்கே போகிறார்கள். அந்த இடத்தைப் பொது இடம் என்று நாம் சொல்கிறோம்.

எங்கள் பகுதிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் பற்றவைக்கும் வேலையில் இருந்த ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகை பெயர் வேண்டாம், உங்களுடையது இல்லை. கூவாகத்தில் சேலை கட்டி அழுத படம் அதன் இணையப் பக்கத்தில் வந்தது. மறுநாள் அது பட்டறைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சுற்றியது. அந்த வாரமே வேலை போயிற்று. வீட்டிலும் இருக்க முடியவில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி மெயில் போட்டதற்குப் பதிலே இல்லை. மொபைலில் அதைக் காட்டி, 'அண்ணா, நீங்க போட்டோ வேலை செய்யறவர்தானே, இதை அழிக்க முடியாதா?' என்று என்னிடம் கேட்டது. பேப்பரில் வந்திருந்தால் மறுநாள் வடை மடிக்கப் போயிருக்கும். இணையத்தில் போட்டதை நான் எப்படி அழிப்பேன்?

நேர் எதிராகவும் ஒன்று. கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு திருநங்கை, பேப்பரில் வந்த தன் படத்தைக் கத்தரித்து, பாலிதீன் கவரில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். நல்ல படம். நெற்றி நிறையப் பொட்டு, கழுத்தில் புதுத் தாலி, சிரிப்பு. 'இதைப் பெருசு பண்ணி ஃபிரேம் போட்டுக் குடுங்கண்ணா' என்றார். அச்சில் வந்ததைப் பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். ஒரிஜினல் கிடைத்தால் ஆளுயரத்துக்கே போடலாம் என்றேன். எடுத்தவர் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. 'வெள்ளைக்காரர் மாதிரி ஒருத்தரும் இருந்தாரு, நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. யாரு போன் நம்பர் குடுத்தாங்க?' என்றார்.

ஆக ஒருவருக்குப் படம் அழிய வேண்டும், இன்னொருவருக்குப் படம் வேண்டும். இருவருக்குமே எடுத்தவரைப் பிடிக்க வழியில்லை. என் கடிதத்தின் சாரம் இதுதான்.

வழி இல்லாமல் இல்லை. டெல்லியில் தயானிதா சிங் என்ற புகைப்படக் கலைஞர் 1989-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காகப் பழைய டெல்லி திருநங்கைகளைப் படம் எடுக்கப் போனார். அங்கேதான் மோனா அகமதுவைப் பார்த்தார். எடுத்து முடித்த பிறகு, படம் லண்டனில் வரும் என்று தெரிந்ததும் மோனா பதறினார். அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஃபிலிமைக் கேட்டார். தயானிதா ரோலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். ஃபிலிம் காலத்தில் ரோலைக் கொடுப்பது என்றால் என்ன என்று தொழில்காரனுக்குத்தான் தெரியும்: அன்றைய உழைப்பும் போயிற்று, கூலியும் போயிற்று. ஆனால் அங்கிருந்துதான் அவர்கள் நட்பு தொடங்கியது. மோனா தத்தெடுத்த பெண் குழந்தையின் பிறந்தநாள் விழாக்கள், வீட்டு விசேஷங்கள், பிற்பாடு அவர் தனியாக இடுகாட்டில் குடியிருந்த நாள்கள் எல்லாவற்றையும் தயானிதா எடுத்தார். 2001-ல் அது புத்தகமாக வந்தபோது அதில் மோனாவே தன் கதையைச் சொன்னார். 2017-ல் மோனா இறக்கும்வரை அந்த உறவு இருந்தது. முதல் நாள் ரோலைக் கொடுக்காமல் லண்டனுக்கு அனுப்பியிருந்தால் ஒரு பக்கம் வந்திருக்கும், அத்தோடு சரி.

பெயர் போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் இருந்த வாசகங்கள்: 'சோகத்தில் திருநங்கை', 'கண்ணீர்விடும் திருநங்கைகள்'. ஒருவருக்கும் பெயர் இல்லை. அதே பக்கத்தில் திருவிழாவைப் பார்வையிட்ட அதிகாரிக்குப் பெயர், பதவி எல்லாம் இருக்கிறது. பெயர் போடும் சில பத்திரிகைகளோ அடைப்புக்குள் 'இயற்பெயர்' என்று பழைய பெயரையும் சேர்த்துவிடுகின்றன. எதற்கு? தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 2008-ல், திருநங்கைகள் நல வாரியம் வந்துவிட்டது. நாம்தான் பழைய பெயரைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். தென்னாப்பிரிக்காவில் ஜனேலே முஹோலி என்பவர் 2006 முதல் அந்நாட்டுக் கறுப்பின லெஸ்பியன் பெண்களையும் திருநம்பிகளையும் (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்கள்) வரிசையாக எடுத்துவருகிறார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அழுகை கிடையாது, கூட்டம் கிடையாது, ஆள் நேராக நம்மைப் பார்ப்பார். படத்துக்குக் கீழே அவர் பெயர், ஊர், ஆண்டு. அவ்வளவுதான் வாசகம். பெயர் போடச் சம்மதித்தால் இப்படிப் போடுங்கள். சம்மதிக்காவிட்டால், முகம் தெரியாத படமாகத் தேர்ந்தெடுங்கள்.

கூவாகத்தை எடுக்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. 18 நாள் திருவிழா அது, எடுக்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால் ஆண்டின் மற்ற நாள்களில் இவர்கள் எங்கே போய்விடுகிறார்கள்? நம் சேலத்துப் பெண், திருநங்கை பிரித்திகா யாஷினி, போலீஸ் வேலைக்காக 2015-ல் உயர் நீதிமன்றம் வரை போய் வென்று, 2017-ல் தர்மபுரியில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றபோது காக்கி உடையில் எடுத்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அதற்கு அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநங்கையின் சிரித்த முகத்தைச் செய்தித்தாளில் நான் தேடவேண்டியிருக்கிறது.

என் ஹார்டு டிஸ்கில் தேட வேண்டியதில்லை. பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சைக்குப் பின் நாற்பதாம் நாள் சடங்குக்கு, திருநங்கைகள் குடும்பமாகக் கூடியிருக்கிற ஜமாத்தில் எங்களைக் கூப்பிடுவார்கள். மஞ்சள் பூசி, பால் ஊற்றி, பட்டுச் சேலை கட்டி உட்கார வைப்பார்கள். பாட்டி முறையில் உள்ள மூத்த திருநங்கையான நானி முதல் ஆளாக நலங்கு வைப்பார். மகள்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். நம் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா ஆல்பத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது, மொய் எழுதுகிறவர் படம்கூட உண்டு. ஒரு முறை சடங்கு முடிந்த கையோடு, 'ஏற்காட்டுல அவுட்டோர் எடுக்கணும்ணா, கல்யாண ஜோடிங்க எடுக்கற மாதிரி' என்று வேன் பிடித்து அழைத்துப் போனார்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பாட்டுதான். ஏரிக்கரையில் படகு டிக்கெட் கொடுப்பவர் முறைத்துப் பார்த்தார். நானி அவரையும் இழுத்து குரூப் போட்டோவில் நிறுத்திவிட்டார். லேடீஸ் சீட்டில் மூடுபனி வந்து ஒன்றும் தெரியவில்லை, காத்திருந்து எடுத்தோம். அந்தப் படங்களை உங்களுக்கு அனுப்பமாட்டேன். அவை அவர்களுடையவை. கேட்டுப் பாருங்கள், அவர்களே கொடுக்கலாம்.

அடுத்த சித்திரைக்கு முன்னால் உங்கள் போட்டோகிராபர்களிடம் நான்கு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எடுத்ததும் கேமரா ஸ்கிரீனைத் திருப்பி அவருக்கே காட்டட்டும். போடலாமா என்று கேட்கட்டும். இணையத்திலும் வரும் என்பதைத் தனியாகச் சொல்லட்டும், பலருக்கு அது தெரிவதில்லை. அலுவலக நம்பர் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கையில் கொடுக்கட்டும். பிற்பாடு அந்த நம்பருக்கு யாராவது கூப்பிட்டு 'எடுத்துடுங்க' என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். 'குடுங்க' என்றால் ஃபைலை அனுப்பிவிடுங்கள்.

பிரிண்ட் போட்டு அனுப்ப ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். சேலம் மாவட்டத்துக்காரர் படமாக இருந்தால் என் கடைக்கு அனுப்புங்கள். மேக்ஸி சைஸ் வரை காசு வாங்கமாட்டேன். ஃபிரேமுக்கு மட்டும் அசல் விலை, அதுவும் கொண்டலாம்பட்டி அம்மாவுக்கு வேண்டாம். அவர் படம் உங்கள் நாளிதழில்தான் வந்தது, மூன்று சித்திரைக்கு முன்னால். ஒரிஜினல் ஃபைல் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்