மதுரையில் தண்டல், கோவையில் செக் வழக்கு: நான்காவது முறையாகக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அப்பளத் தொழில் செய்யும் மனுதாரர்,
ஜெய்ஹிந்துபுரம், மதுரை-11.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: கடன் அடைத்த பிறகும் வெற்றுக் காசோலையை நிரப்பி வெளியூரில் வழக்குப் போட்டு அலைக்கழிப்பவர் மீது விசாரணை நடத்தவும், இலவச சட்ட உதவிக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 19 வருடமாக அப்பளம் போட்டு விற்றுப் பிழைக்கிறேன். எங்கள் ஏரியா தங்களுக்குத் தெரியும். வெயில் நாளில் மொட்டைமாடியெல்லாம் அப்பளம்தான் காயும். என்னிடம் 6 பெண்கள் கிலோ கணக்கில் கூலிக்குத் தேய்க்கிறார்கள். ஆவணி, ஐப்பசி, மார்கழி என்று மூன்று முறை திங்கட்கிழமை வந்து, வரிசையில் நின்று மனு கொடுத்தேன். மூன்று ரசீதும் கையில் இருக்கிறது. இது நான்காவது மனு.

1. மூன்று வருடம் முன்பு ஐப்பசி அடைமழை. இருபது நாள் அப்பளம் காயவில்லை. உளுந்து மாவு வாங்கப் பணமில்லாமல், வட்டிக்கு விடும் ஒருவரிடம் தண்டலுக்கு, அதாவது தினத் தவணையில் கட்டும் கடனாக, வாங்கினேன். 50,000 என்று பேசி, 7,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 42,500 கொடுத்தார். தினம் 500 வீதம் 100 நாள் கட்டி முடித்தேன். தண்டல் அட்டையில் 100 கட்டத்திலும் அவர் ஆள் போட்ட கையெழுத்து இருக்கிறது.

2. கடன் கொடுக்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட 2 செக் வாங்கி வைத்தார். கட்டி முடித்ததும் திருப்பிக் கேட்டேன். "பீரோவில இருக்குக்கா, எடுத்துத் தர்றேன்" என்றார். 14 மாதம் கழித்து 6,50,000 ரூபாய்க்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கையெழுத்து என்னுடையது, நீல மை. தொகையும் தேதியும் கறுப்பு மை, வேறு யாரோ எழுதியது. வெறும் கண்ணால் பார்த்தாலே தெரியும்.

3. செக் பணமில்லாமல் திரும்பியது என்று செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவில் வழக்கு. தோற்றால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். என் கணக்குக்கு 1,30,000 ரூபாய். அவ்வளவு பணம் இருந்தால் நான் ஏன் தண்டலுக்குப் போகிறேன்?

4. ஐயா, உயிரை எடுப்பது இதுதான். அவரும் மதுரைக்காரர், நானும் மதுரைக்காரி. பணம் கைமாறியதும் ஜெய்ஹிந்துபுரத்தில்தான். வழக்கு மட்டும் கோவையில். 2015-இல் வந்த திருத்தத்தின்படி செக்கைப் பெற்றவர் எந்த ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருக்கிறாரோ அந்த ஊர் கோர்ட்டில் போடலாமாம். அதற்கென்றே அங்கே கணக்கு வைத்திருக்கிறார். ராத்திரி 2 மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, விடிந்த பிறகு சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பத்தரைக்குள் போய் நிற்கிறேன். ஒரு தடவை போகாவிட்டாலும் பிடிவாரண்ட் வந்துவிடும் என்று பயம். இதுவரை 11 வாய்தா. அதில் 7 முறை வழக்குப் போட்டவரே வரவில்லை. அடுத்த தேதி வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பினேன்.

பஸ், சாப்பாடு, வக்கீலுக்கு என்று ஒரு வாய்தாவுக்கு 2,000-க்குக் குறையாது. இதுவரை 22,000 ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம் வேலையில். அப்பளக்காரம் கலந்து மாவு பிசைவது நான்தான். காரம் கூடினால் அப்பளம் சிவந்துவிடும், குறைந்தால் பொரியாது. பிசைந்த மாவை அன்றைக்கே தேய்த்தாக வேண்டும். நான் கோவையில் நிற்கிற நாளில் மாவும் இல்லை, அந்த 6 பேருக்குக் கூலியும் இல்லை. போன வைகாசி முகூர்த்த சீசனில் மட்டும் 2 வாய்தா. மண்டபத்து ஆர்டர் ஒன்று கையைவிட்டுப் போனது. "அடுத்த வாய்தா எப்பக்கா?" என்று அந்தப் பெண்கள் கேட்கும்போது எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

5. வழக்கை மதுரைக்கு மாற்றலாம் என்றார்கள். உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கோவை வழக்கு அதன் எல்லைக்குள் வராது, சென்னைக்குத்தான் போக வேண்டுமாம். சரி, தொந்தரவு வழக்குகளைத் தடுக்க 1949-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டார்களே என்று கேட்டால், அதற்கு அரசுத் தலைமை வழக்கறிஞர் மனு போட வேண்டுமாம். அப்பளக்காரி நான் அவரை எங்கே போய்ப் பார்ப்பேன்?

6. நான் மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்தே எங்கள் பகுதியில் இன்னும் 5 பேர் மீது இதே ஆள், இதே கோவையில் போட்டிருக்கிறார். டீக்கடை, தையல் கடை, பூக்கடை, பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர், இட்லிக் கடை. அதில் 3 பேர் அலைய முடியாமல் கேட்டதைக் கொடுத்து செக்கைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். என்னிடமும் ஆள் அனுப்பி, ஒரு லட்சம் கொடுத்தால் வாபஸ் என்கிறார். அவருக்குத் தீர்ப்பு தேவையே இல்லை ஐயா, வாய்தா போதும். பட்ட கடனை ஒரு நாள் தவறாமல் கட்டினேன். படாத கடனுக்கு ஏன் ஒரு லட்சம் கொடுக்க வேண்டும்?

7. முதல் இரண்டு மனுவுக்கும் பதிலே இல்லை. மூன்றாவதற்கு, "வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதால் மனு முடித்துவைக்கப்பட்டது" என்று போனில் ஒரு மெசேஜ். வழக்கில் தலையிடுங்கள் என்று நான் எப்போது கேட்டேன்? அவருக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டித் தொழில் உரிமம் இருக்கிறதா, இல்லையா? தாசில்தார் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் தண்டல் என்ற பெயரைச் சொல்லியே தடுத்திருக்கிறார்கள், 3 வருடம் வரை தண்டனை என்கிறார்கள். அப்படியிருக்க, அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கக்கூட மூன்று மனு போதாதா? மனுவை வாங்கியவர்கள் தண்டல் அட்டை நகலைத் திறந்தாவது பார்த்தார்களா?

கோபத்தில் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். தங்களைக் குறை சொல்லவில்லை. மனு தங்கள் கண்ணுக்கே வந்திருக்காது என்றுதான் நம்புகிறேன்.

ஆகவே ஐயா, அவருடைய உரிமத்தையும் தண்டல் வசூலையும் விசாரிக்க உத்தரவிட வேண்டும். மற்ற 5 பேரையும் அழைத்துக் கேட்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன். கோவையில் எனக்கு ஒரு வக்கீல் கிடைக்கவும், வழக்கை மாற்ற சென்னையில் மனு போடவும் பரிந்துரைக்க வேண்டும். வழக்கை நிறுத்தச் சொல்லவில்லை. அது மதுரையில் நடக்கட்டும், எத்தனை வாய்தாவானாலும் வருகிறேன்.

வரும் வியாழக்கிழமை 12-ஆவது வாய்தா. அதற்கு முன் ஒரே ஒரு முறை தங்களை நேரில் பார்க்க அனுமதி தாருங்கள். தண்டல் அட்டையின் அசலைக் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்

இணைப்பு: தண்டல் அட்டை நகல், செக் நகல், வக்கீல் நோட்டீஸ், முந்தைய மனு ரசீதுகள் 3.